எல்லையோர மக்கள் நல அமைப்புகள் கைகோப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெரியவரை, கொஞ்ச நாள் தன்னோடு இருக்கட்டும் என்று மகள் பொள்ளாச்சிக்குக் கூட்டிப் போகிறார். பக்கத்து ஊர் மாதிரிதான். ஆனால் கேரளப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் (வலி தணித்துப் பராமரிக்கும்) நர்ஸ் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி வர முடியாது. தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியருக்கோ இப்படி ஒருவர் வந்து சேர்ந்திருப்பதே தெரியாது. சில வாரத்தில் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) அடைத்துக்கொள்ளும், நடுராத்திரியில் ஆட்டோ தேடுவார்கள். இரண்டு பக்கமும் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற அமைப்புகள் இருந்தும், ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இல்லை.

இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட அமைப்புகளுக்கானது. வீட்டுப் பராமரிப்புக் குழு, மலிவு விலை மருந்துக்கடை, நாப்கின் செய்யும் மகளிர் குழு, கண் பரிசோதனை மையம், பிசியோதெரபி கூடம் என்று கொஞ்சம் கட்டணம், கொஞ்சம் நன்கொடை வாங்கி ஓடுகிற, லாபத்தைப் பங்கு போடாத சின்ன நிறுவனங்கள். எனக்குப் பழக்கமானது பாலக்காட்டுச் சித்தூர்–பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். அகளி–ஆனைகட்டி, குமுளி–கம்பம், பாறசாலை–களியக்காவிளை, ஆந்திரப் பக்கம் நகரி–திருத்தணி என்று எங்கே இருந்தாலும் வேலை முறை இதுதான். மாநிலச் சட்டங்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு என்றதும் பெயர், லோகோ, தலைவர், பொருளாளர், பதிவு என்று ஆரம்பிப்பதுதான் நம் ஊர் வழக்கம். நான் சொல்லப்போவது நேர் எதிர் வரிசை. முதலில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யுங்கள். பதிவெல்லாம் கடைசியில், தேவைப்பட்டால்.

1. யார் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள்

மாவட்ட வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, போன வருட நோயாளிப் பதிவேட்டை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், சொந்தபந்தம் எந்த ஊரில், நடுவில் எங்கேயாவது இடம் மாறினார்களா. கோவை அரசு ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர், பாலக்காடு மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர், திருச்சூர் மெடிக்கல் காலேஜுக்கு எத்தனை பேர் என்று பார்த்தாலே உங்கள் வட்டாரம் எது என்று தெரிந்துவிடும்.

எல்லைப் பகுதியில் இது பல நேரம் அரசாங்கக் கணக்கோடு ஒத்துப்போகாது. பரம்பிக்குளத்தையே பாருங்கள். பாலக்காடு மாவட்டம், முதலமடைப் பஞ்சாயத்து. ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் ஆனைமலை, சேத்துமடை என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்கே இருக்கும் காடர் பழங்குடிக் குடும்பத்துக்கு அவசரத்தில் கைகொடுக்கக்கூடியது பொள்ளாச்சிக்காரர்தான். அதே மாதிரி கம்பம், போடிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களுக்குக் காலையில் ஒரு மாநிலம், ராத்திரி ஒரு மாநிலம். 2020 ஊரடங்கில் எல்லையை மூடியபோது இந்த மாதிரிக் குடும்பங்கள் எப்படித் தவித்தன என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும்.

2. ஐந்தாறு பேர் போதும்

ஒரு மணி நேரத்தில் ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போய்ச் சேரக்கூடிய தூரம். அதற்குள் ஐந்து அல்லது ஆறு அமைப்புகள். இருபது பேரைக் கூப்பிட்டால் முதல் கூட்டம் மாநாடாகிவிடும், இரண்டாவது கூட்டம் நடக்காது.

ஒரே வேலை செய்கிறவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். வீட்டுப் பராமரிப்புக் குழுவுக்கு மருந்துக்கடை வேண்டும், மருந்துக்கடைக்கு ஆஷா (கிராமச் சுகாதார) ஊழியரையும் கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்களையும் தெரிந்தவர் வேண்டும். அதேசமயம் ஒரே வேலைக்காரர் இரண்டு பேராவது இருக்கட்டும். ஒரு நாப்கின் யூனிட்காரரின் தலைவலி இன்னொரு நாப்கின் யூனிட்காரருக்குத்தான் புரியும்.

போன் பண்ணி அழைக்க வேண்டாம், நேரில் போங்கள். அவர்களுடைய நர்ஸோடு ஒரு நாள் வீடு வீடாகச் சுற்றி வாருங்கள். ஆண்டறிக்கை சொல்லாததெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். பஞ்சாயத்து உறுப்பினர், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் போன்றவர்களுக்குத் தகவல் சொல்லி வையுங்கள், விருந்தினராகக் கூப்பிடுங்கள். ஆனால் வட்டத்துக்குள் உட்கார வைத்தால் அமைப்புகள் தங்கள் கஷ்டத்தை வாய்விட்டுப் பேசாது.

3. முதல் பொது வேலை: நோயாளியைக் கைமாற்றிவிடுவது

இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பணம் தேவையில்லை, அரசாங்க அனுமதி தேவையில்லை. ஒரு பக்கத் தாள் போதும். அந்தத் தாளில் இருக்க வேண்டியவை:

– பெயர், வயது, போகிற வீட்டு முகவரிக்கு அடையாளம், அங்கே பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருடைய போன்.
– நோய் ஒரு வரியில். கடைசியாகப் பார்த்த டாக்டர், ஆஸ்பத்திரி.
– கதீட்டர், மூக்குக்குழாய் இருந்தால் அதன் வகை, அளவு, போட்ட தேதி, மாற்ற வேண்டிய தேதி.
– படுக்கைப்புண் எங்கே, எவ்வளவு பெரிசு, எதை வைத்துக் கட்டுகிறோம்.
– இப்போது சாப்பிடும் மாத்திரைகள். நிறுத்தியவையும் எழுதுங்கள், ஏன் நிறுத்தினோம் என்பதோடு.
– ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது.

கதீட்டர் வகையை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். சாதாரண லேடெக்ஸ் கதீட்டரைச் சில வாரத்தில் மாற்றிவிட வேண்டும், முழு சிலிக்கான் என்றால் மூன்று மாதம் வரை போகும். எது என்று தெரியாத புது நர்ஸ், பயந்துகொண்டு சீக்கிரமே மாற்றிக் குடும்பத்துக்குச் செலவு வைப்பார், இல்லாவிட்டால் தாமதித்து அடைப்பு வரவிடுவார்.

இன்னொரு வரியும் வேண்டும். பெரும்பாலான படிவங்களில் இது இருக்காது: நோயைப் பற்றி நோயாளிக்கு எவ்வளவு தெரியும், வீட்டாருக்கு எவ்வளவு தெரியும். வாசலிலேயே மகள் ஓடிவந்து, “ஏனுங்க சிஸ்டர், அப்பாவுக்குக் கேன்சருன்னு அவருக்குத் தெரியாதுங்க, உள்ள போய்ச் சொல்லிப்போடாதீங்க” என்று கிசுகிசுப்பது இந்தப் பக்கத்து நர்ஸ்கள் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி. பழைய நர்ஸ் இரண்டு மாதமாகப் பக்குவமாகப் பேசிப் பாதி விஷயத்தைப் புரியவைத்திருப்பார். புதிதாக வருகிறவர் அது தெரியாமல் ஒரு வார்த்தை விட்டால் எல்லாம் போச்சு. அதனால் தாளை அனுப்பினால் மட்டும் போதாது. அனுப்பும் நர்ஸும் வாங்கும் நர்ஸும் ஐந்து நிமிடம் போனில் பேசிக்கொள்ள வேண்டும். வாங்கியவர் முதல் தடவை வீட்டுக்குப் போனதும் “பார்த்தாச்சு” என்று ஒரு தகவல் அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் வரும்வரை நோயாளி அனுப்பியவருடைய பொறுப்பு.

எந்த மொழியில் எழுதுவது? மருந்துப் பெயர்களை மருந்துச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள், மற்றதெல்லாம் தமிழில். சித்தூர் தாலுகாவில் மலையாளம் சரளமாகப் பேசும் பலருக்கும் மலையாள எழுத்து வாசிக்க வராது. பொள்ளாச்சி நர்ஸுக்கு அறவே வராது.

வாட்ஸ்அப் குழுவில் நோயாளி பெயரோ புண் போட்டோவோ போகக் கூடாது. பதிவு எண் மட்டும் போடுங்கள், மற்றது நேரடியாக ஆளுக்கு ஆள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம் வீட்டுப் பெரியவர் போட்டோவை முப்பது பேர் பார்ப்பதை நாம் விரும்புவோமா?

4. மாதம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம்

இரண்டாம் சனிக்கிழமை நல்ல நாள். கேரளத்தில் அன்றைக்கு அரசு விடுமுறை, தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களுக்குச் சனிக்கிழமையே விடுமுறை. இரண்டு பக்கத்துச் சுகாதார ஊழியர்களும் விருந்தினராக வரலாம். மாத முதல் வாரம் சம்பளம், மருந்து விநியோகம் என்று ஓடும், அதைத் தவிருங்கள். ஓணத்தையும் பொங்கலையும் சொல்லவே வேண்டாம். இடம் சுழற்சி முறையில். யார் இடத்தில் கூட்டமோ அவர்கள் டீ போடுவார்கள், அவ்வளவுதான் செலவு.

முதல் அரைமணி கைமாற்றிய நோயாளிகள். அடுத்த ஒரு மணி ஒரே ஒருவருடைய பிரச்சினை. “எங்க மருந்துக்கடையில் கடன் நிலுவை ஏறிப்போச்சு”, “நாப்கின் மெஷின் மூணு மாசமா நிக்குது” என்று அவர் சொல்லட்டும். மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பார்கள், கடைசி இருபது நிமிடத்தில்தான் யோசனை. இந்த ஒழுங்கை விடாமல் பிடியுங்கள், ஏனென்றால் நமக்கு யோசனை சொல்வதில் இருக்கும் ஆசை கேட்பதில் இல்லை. மிச்ச அரைமணி கொடுக்கல் வாங்கலுக்கு. ஒரு பக்கக் குறிப்பு போதும்: யார், என்ன, எந்தத் தேதிக்குள்.

5. கணக்கைத் திறந்து காட்டுவது

கசப்பான கட்டம் இது. கூட்டம் கூடி ஐந்தாறு மாதமாவது ஆகட்டும், அப்புறம் தொடங்குங்கள். ஒரே ஒரு எண்ணில் ஆரம்பிக்கலாம்: ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போய்வர என்ன செலவாகிறது?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். நர்ஸ் சம்பளம் 18,000, வண்டி 12,000, பஞ்சு, துணி, கையுறை 6,000, ஆபீஸ் வாடகை, போன் 4,000. மொத்தம் 40,000. மாதம் 80 வீடு என்றால் ஒரு வீட்டுக்கு 500 ரூபாய். பக்கத்து அமைப்புக்கு 350 வருகிறது என்றால் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். அவர்களுடைய வீடுகள் ஒரே தெருவில் இருக்கலாம், உங்களுடையது வடகரப்பதி, எருத்தேம்பதி என்று தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடக்கலாம். இப்படி ஒப்பிட்டுப் பேசும்போதுதான் ‘இந்த நாலு வீட்டை நீங்கள் பாருங்கள், அந்த மூணு வீட்டை நாங்கள் பார்க்கிறோம்’ என்ற யோசனையே பிறக்கும்.

தொழில் ரகசியத்தை ஏன் சொல்ல வேண்டும் என்று தயங்குகிறவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டலாம். 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தவர்கள், தங்கள் வேலை முறையை மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்றே 1992-இல் தனி நிறுவனம் தொடங்கினார்கள். அதனால் அரவிந்துக்கு நோயாளி குறைந்துவிடவில்லை.

கூட்டுக் கொள்முதல் இதன் அடுத்த படி. பெரியவர்களுக்கான டயப்பர், படுக்கை விரிப்பு, கட்டுத்துணி போன்றவற்றில் ஆரம்பியுங்கள். மருந்தை இதில் சேர்க்காதீர்கள், வாங்கிப் பிரித்துக் கொடுப்பதற்கு மருந்து உரிமம் வேண்டும். எல்லை தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் (சரக்கோடு வர வேண்டிய மின்னணுச் சீட்டு) கட்டாயம். நாப்கின் யூனிட்களுக்குக் கூட்டுக் கொள்முதல் இன்னும் முக்கியம். 2018 ஜூலையில் நாப்கினுக்கு ஜிஎஸ்டி நீங்கியது நல்லதுதான், ஆனால் மரக்கூழுக்கும் ஜெல்லுக்கும் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. விலையைக் குறைக்க ஒரே வழி மொத்தமாக வாங்குவது. கோவை முருகானந்தம் உருவாக்கிய மாதிரி சின்ன மெஷின்களை வைத்திருப்பவர்கள் உதிரி பாகத்தையும் பழுது பார்க்கும் ஆளையும் பகிர்ந்துகொள்ளலாம்.

கட்டில், வாக்கர், ஆக்சிஜன் மெஷின், ஏர் பெட் ஆகியவற்றுக்கு ஒரு பொது நோட்டு போடுங்கள். யாருடையது, இப்போது யார் வீட்டில், எப்போது திரும்பும். கிழிந்த ஏர் பெட்டுக்கு யார் பொறுப்பு என்பதைக் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

6. பார்த்துக்கொள்கிறவர்களை யார் பார்த்துக்கொள்வது

வாரத்துக்கு இரண்டு சாவு பார்க்கும் நர்ஸ், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும். சம்பளம் தாமதமானால் நிறுவனர் தன் நகையை அடகு வைப்பார், அதை யாரிடமும் சொல்லமாட்டார். இவர்களை உள்ளூர்க்காரர் யாரும் புரிந்துகொள்ளாத இடத்தில், பக்கத்து அமைப்பில் அதே வேலை செய்கிறவர் புரிந்துகொள்வார். இந்த வட்டத்தின் உண்மையான பலன் இதுதான் என்பது என் எண்ணம். கொள்முதலில் மிச்சமாகும் காசெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு நர்ஸுக்கும் வேறு அமைப்பிலிருந்து ஒரு ஜோடி. மேலாளருக்கு மேலாளர், கணக்கருக்குக் கணக்கர், டிரைவருக்கு டிரைவர். வாரம் ஒரு போன். அதில் பேசியது மேலிடத்துக்குப் போகக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஊழியர்களும் நிறுவனர்கள் இல்லாமல் கூடட்டும். அந்தக் காலாண்டில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அவரைப் பார்த்த நர்ஸ் இரண்டு வார்த்தை சொல்லலாம். முதல் தடவை சங்கடமாக இருக்கும், பிறகு அதற்காகவே வருவார்கள்.

வெளியூர் போய்ப் பார்த்து வருவதும் இதில் சேர்த்தி. கேரளம் நமக்குப் பக்கத்திலேயே பெரிய பாடம். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பிறகு மலப்புரத்தில் ஊர் ஊராகத் தன்னார்வலர்களின் கைக்கு வந்தது. அங்கங்கே சில்லறையாகத் திரட்டிய காசு, அங்கங்கே முடிவு. டாக்டரும் பயிற்சியும்தான் பொது. 2008-இல் அரசு பாலியேட்டிவ் கொள்கை அறிவித்தபோது பஞ்சாயத்துகள் பின்பற்ற ஒரு நடைமுறை ஏற்கெனவே தயாராக இருந்தது. கூடலூரில் அஸ்வினி என்ற சுகாதார அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே நர்ஸ்களாக்கிய விதத்தைப் போய்ப் பாருங்கள். தருமபுரி சித்தேரி மலையடியில் சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் ஆரம்பித்த ஆஸ்பத்திரியையும் பாருங்கள். நிறுவனர் மட்டும் போய்வந்தால் பயனில்லை. கூட ஒரு நர்ஸும் கணக்கரும் போக வேண்டும்.

7. எல்லை தாண்டும்போது கால் இடறும் இடங்கள்

மார்ஃபின் (கடும் வலிக்கான மருந்து): ஒரு மாத்திரைகூட அமைப்புக்கு அமைப்பு கைமாறக் கூடாது. போதைப்பொருள் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு நாடு முழுக்க ஒரே விதி வந்து, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் மூலம் கிடைப்பது எளிதாகியிருக்கிறது. இடம் மாறும் நோயாளியைப் புது ஊரில் உள்ள அப்படிப்பட்ட மையத்தில், கையிலிருக்கும் மாத்திரை தீருவதற்குள் பதிவு செய்துவிடுங்கள்.

நர்ஸ் பதிவு: வேலை பார்க்கும் மாநிலத்தின் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆகவே லீவுக்கு மாற்று நர்ஸ் அனுப்புவதை அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஆலோசனைக்கு இந்தத் தடை இல்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி பதிவு பெற்ற டாக்டர் எந்த மாநில நோயாளிக்கும் போன் வழியே ஆலோசனை சொல்லலாம்.

கழிவு: புண் கட்டிய துணியை வண்டியில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். 2024 டிசம்பரில் கேரள மருத்துவக் கழிவு திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் திரும்ப அள்ளச் சொன்ன பிறகு செக்போஸ்ட்டில் எல்லோருக்கும் கண் கூர்மை.

வெளிநாட்டுப் பணம்: வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்க முடியாது. ‘நாங்கள் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருகிறோம்’ என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

8. பதிவு செய்யலாமா?

ஒரு வருடம் ஓடிய பிறகு இந்தக் கேள்வி வரும். அவசரப்பட வேண்டாம். புதிதாகப் பதிவான கூட்டமைப்புக்குக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியான சிஎஸ்ஆர் பணம் வராது, ஏனென்றால் மூன்று வருட வேலை அனுபவத்தைக் காட்டச் சொல்கிறார்கள். அதைவிட, அந்தப் பணத்தை வாங்கத் தேவையான சிஎஸ்ஆர்-1 பதிவு எண் ஏற்கெனவே உள்ள ஓர் உறுப்பினர் முன்னின்று வாங்க, மற்றவர்கள் அவரோடு வேலை ஒப்பந்தம் போட்டுக்கொள்வது சுலபம். யார் என்ன செய்வது, பணம் எந்தத் தேதியில், சண்டை வந்தால் யார் பேசித் தீர்ப்பது என்று இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அறிக்கையில் எல்லோருடைய பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். கூட்டமைப்புகள் உடைவது பெரும்பாலும் இந்த எழுத்து அளவில்தான்.

பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால் எந்தச் சட்டம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1975 சங்கப் பதிவுச் சட்டம். கேரளத்திலோ பழைய மலபாருக்கு 1860 சட்டம், பழைய திருவிதாங்கூர்–கொச்சிக்கு 1955 சட்டம். பாலக்காடு பழைய மலபார், சித்தூர் பழைய கொச்சி. ஒரே மாவட்டத்துக்குள் இந்தக் குழப்பம் என்பதால் பதிவாளர் ஆபீஸில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இரண்டு மாநிலத்திலும் வேலை செய்ய, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் லாப நோக்கற்ற கம்பெனி தொடங்குவது சிக்கல் குறைந்த வழி. ஆடிட்டர் செலவு கூடும்.

9. உரசல் வரும்போது

நர்ஸை இழுத்துக்கொள்வதுதான் முதல் சண்டை. கூட சம்பளம் கொடுத்தால் போகத்தான் செய்வார்கள், தடுக்கவும் கூடாது. ஆனால் எடுக்கிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே பேசி வையுங்கள். இரண்டாவது, பெரிய அமைப்பு ஒன்று எல்லா முடிவையும் எடுக்க ஆரம்பிப்பது. அதற்கு மருந்து, ஒருங்கிணைப்பாளரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது. சின்ன அமைப்பிலிருந்து வருகிறவர் தடுமாறினால் தடுமாறட்டும், இரண்டாவது மாதம் பழகிவிடும். தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கோபமாக இருக்காது, சம்பளப் பாக்கியில் மாட்டியிருப்பார். நிஜமாகவே விலக விரும்பினால் மனஸ்தாபமில்லாமல் விடுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த எல்லை தாண்டிய நோயாளிகளுக்குத் தாள் எழுதி வாங்கிக்கொண்டு, பொது நோட்டில் அவர் பெயரில் இருக்கும் கட்டிலையும் வாக்கரையும் அன்றைக்கே சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.